ஞாயிறு பிரசங்கமும் நம்ம ஊர்ச் சபையும்: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவ வீட்டில் பெண் எடுத்தவர்கள், ஓசூர் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் நண்பர் கூப்பிட்டார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்தவர்கள், சின்ன வயதில் ஞானஸ்நானம் வாங்கியும் பல வருஷமாகக் கோயில் பக்கம் வராதவர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகள் இவை. நான் சாமியாரும் (கத்தோலிக்கப் பாதிரியாரும்) இல்லை, பாஸ்டரும் இல்லை. கத்தோலிக்கக் கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவன். உறவில் பாதிப் பேர் லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று வேறு வேறு கிறிஸ்தவ சபைகளில் பிரிந்து கிடப்பதால் எல்லாருடைய பிரசங்கமும் காதில் விழுந்திருக்கிறது. பதில்களில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்து உட்காரலாமா? பேரை எழுதிக்கொள்வார்களா?

தாராளமாக வரலாம். கத்தோலிக்கக் கோயிலில் உங்களை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அது சிலருக்கு நிம்மதி, சிலருக்கு ஏமாற்றம். பெந்தெகொஸ்தே சபையில் நேர் எதிர். "புதுசா வந்திருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்பார்கள், கைதட்டுவார்கள், முடிந்ததும் பாஸ்டர் ஐயா வந்து ஊர், பேர், போன் நம்பர் கேட்பார். கொடுக்க விருப்பமில்லை என்றால் "இன்னொரு நாள் வரேன் ஐயா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

செருப்பைக் கழற்றுவது கோயிலுக்குக் கோயில் மாறும். வாசலைப் பார்த்து மற்றவர்கள் செய்வதைச் செய்யுங்கள். கிராமத்துக் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காணிக்கைப் பை வரும்போது ஒன்றும் போடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். நன்மை வாங்க, அதாவது அப்பம் வாங்க, எல்லாரும் வரிசையில் போகும்போது மட்டும் இடத்திலேயே இருங்கள். கத்தோலிக்கர்களில்கூட எல்லாரும் அந்த வரிசையில் போவதில்லை என்பதால் நீங்கள் தனியாகத் தெரிய மாட்டீர்கள்.

ஒரே ஊரில் ஏன் இத்தனை சபைகள்?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு வழியாக இங்கே வந்தது. கோவிலூர், எலத்தகிரி, பி.பள்ளிப்பட்டி, மத்தகொண்டப்பள்ளி போன்றவை தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர் வாழும் ஊர்கள். முதலில் சேலம் மறைமாவட்டத்தில் (மறைமாவட்டம் என்றால் ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி) இருந்த இந்தப் பகுதி 1997 ஜனவரி 24 அன்று தர்மபுரி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. 2004ல் அரசு கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டம் ஆக்கியபோதும் மறைமாவட்டம் பிரியவில்லை. இன்றும் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஆயர், அதாவது பிஷப், தர்மபுரி தூய இருதய ஆண்டவர் பேராலயம்தான் தலைமைக் கோயில்.

லுத்தரன் வரலாற்றில் கிருஷ்ணகிரிக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி சினாடு என்ற லுத்தரன் சபை இந்தியாவில் ஆரம்பித்த பணி 1895ல் இங்கேதான் தொடங்கியது. தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்ற இருவர் வந்தார்கள். ஆம்பூர் பக்கமெல்லாம் பரவி, பின்னாளில் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை ஆனது அந்தப் பணிதான். நேதர் 1904ல் பிளேக் நோயில் இறந்தார். சேலத்தில் 1827ல் கால் வைத்த லண்டன் மிஷனின் வழி வந்தவர்கள் 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், சேர்ந்தார்கள். பெந்தெகொஸ்தே சபைகளும், எந்த அமைப்பிலும் சேராத தனிச் சபைகளும் அதற்கப்புறம் பெருகியவை. ஓசூரில் மாடியில் ஷீட் போட்டு நடக்கும் சபைகளை எண்ணி முடிக்க முடியாது.

பிரசங்கத்துக்கான தலைப்பை யார் முடிவு செய்கிறார்கள்? அன்றன்றைக்குத் தோன்றியதைப் பேசுகிறார்களா?

கத்தோலிக்கக் கோயிலில் சாமியாருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. வாசகங்கள், அதாவது அன்றைக்கு வாசிக்க வேண்டிய வேதாகமப் பகுதிகள், முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களில், முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. யோவான் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்திலும் நடுநடுவே வருவார். 2025ல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் தொடங்கியது முதல் ஆண்டு, மத்தேயுவின் முறை. ஒரே ஞாயிறு பாலக்கோட்டிலும் தேன்கனிக்கோட்டையிலும் ரோமாபுரியிலும் ஒரே நற்செய்திதான் வாசிக்கப்படும். அதை வைத்துச் சொல்வதற்கு மறையுரை என்று பெயர். சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரன் சபையிலும் இதேபோல வேதபாட அட்டவணை உண்டு. சி.எஸ்.ஐ.யில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கருப்பொருளும் கொடுத்திருப்பார்கள்.

லுத்தரன் பிரசங்கத்தைக் கேட்டால் ஒரு அமைப்பு புரியும். முதல் பாதியில் நியாயப்பிரமாணம்: நீ எங்கே தவறினாய் என்று பிடித்து நிறுத்தும். இரண்டாம் பாதியில் சுவிசேஷம்: அப்படித் தவறிய உனக்காகத்தான் கிறிஸ்து வந்தார் என்று விடுவிக்கும். நல்ல லுத்தரன் போதகர் இந்த இரண்டையும் குழப்ப மாட்டார். "நல்லவனாக இரு, அப்போது கடவுள் உன்னை நேசிப்பார்" என்று முடித்தால் அது அவர்கள் கணக்கில் தோற்றுப்போன பிரசங்கம்.

பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டர் ஜெபித்து, தனக்குக் கிடைத்த வசனத்தை எடுக்கிறார். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வரும் வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம், அதாவது கடவுளின் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளும் வசனம், அறிவிக்கப்படும். அது காலண்டராகி, கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டப்பட்டு, ஆட்டோ கண்ணாடியில் ஒட்டப்படும். அப்படிச் சொல்லும் பிரசங்கத்தில் கேட்கிறவரின் அன்றைய துயரத்தை நேராகத் தொடும் வேகம் இருக்கிறது. பாஸ்டருக்குப் பிடித்த பத்துப் பதினைந்து அதிகாரங்களைத் தாண்டிச் சபை போகாமல் இருந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அட்டவணையோ, பிடிக்காத பகுதியையும் பேச வைக்கும். என் ஓட்டு அட்டவணைக்கு.

நம்ம ஊரில் எந்தப் பகுதிகள் மக்களைத் தொடுகின்றன?

இயேசு சொன்ன கெட்ட குமாரன், நல்ல சமாரியன் உவமைகள் இரண்டும் எல்லா ஊரிலும் எடுபடும். இந்த மண்ணுக்கு என்றே எழுதியதுபோல இருப்பவை வேறு.

ஒன்று, மத்தேயு 20ல் வரும் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள். தோட்டக்காரர் விடியற்காலையில் போய் ஒரு தெனாரியம் (அன்றைய ஒரு நாள் கூலிக் காசு) பேசி ஆள் கூட்டிவருகிறார். ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு மறுபடி போகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கும் சிலர் சந்தையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம். நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

ஓசூர் போன்ற ஊர்களில் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கட்டட வேலைக்காக ஆட்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தவருக்கு இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. இது கத்தோலிக்க அட்டவணையில் முதல் ஆண்டில் செப்டம்பர் வாக்கில் வரும். ஒருமுறை அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடும் சின்ன ஜெபக் கூட்டத்தில், இதை வாசித்தோம். கொத்தனார் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலின்னா, மறுநாள் காலையில எவன் சாமி ஆறு மணிக்கு வருவான்? நான் மேஸ்திரியா இருந்தா அவர் தோட்டத்துக்கு ஆளே அனுப்ப மாட்டேன்" என்றார். சாமியார் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, "அண்ணா, அஞ்சு மணி வரைக்கும் ஆள் எடுக்காம நின்னவளுக்குக் கால் கடுக்கிறது உனக்குத் தெரியாது. வேலை செஞ்ச நாளைவிட அந்த நாள்தான் உடம்பு வலிக்கும். ஊட்டுல அன்னைக்கும் சோறு ஆக்கணும் இல்ல?" என்றார். சாமியார் அந்த ஞாயிறு தான் எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு, பேரைச் சொல்லாமல் இந்த இரண்டு பேச்சையும் பீடத்தில் வைத்தார். கொத்தனாரின் கேள்விக்குச் சரியான பதில் இன்னும் யாரிடமும் இல்லை. கதையிலேயே அந்த முணுமுணுப்பு தீராமல்தான் முடிகிறது.

இன்னொன்று யோவான் 4: யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண். உச்சி வெயில். இயேசு "குடிக்கத் தண்ணீர் கொடு" என்கிறார். யூதர் சமாரியரோடு புழங்குவதில்லை, அவர்கள் பாத்திரத்தில் குடிப்பதில்லை. கேட்கிற தர்மபுரிக்காரருக்கு இரண்டு இடம் ஒரே சமயத்தில் சுடும். முதலாவது தண்ணீர். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல் காவியேறி, எலும்பு வளைந்து தலைமுறைகள் கஷ்டப்பட்ட மாவட்டம் இது. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் பல கிராமங்களுக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் அதைக் குடிக்க முடியாத ஊரில் "ஜீவத் தண்ணீர்" என்று ஒருவர் பேசினால் கிழவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டாவது, குவளை. டீக்கடையில் யாருக்கு எந்தக் குவளை என்ற வழக்கத்தைப் பார்த்தோ கேட்டோ வளராதவர் இந்தப் பக்கம் குறைவு.

இந்தப் பகுதியைப் பேசும் பலர், அவளுக்கு ஐந்து புருஷன் இருந்தார்கள் என்று அதில் வரும் விஷயத்துக்குத் தாவி, அவளை நடத்தை கெட்டவளாக்கி, மனந்திரும்புதலில் முடித்துவிடுகிறார்கள். இயேசு அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "உன் பாவம் மன்னிக்கப்பட்டது" என்றுகூடச் சொல்லவில்லை. அவள்தான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடிப்போய்ச் சொல்கிறாள், ஊர் அவள் பேச்சைக் கேட்டு வருகிறது. ஐந்து பேரும் செத்தார்களா, தள்ளிவைத்தார்களா என்று வேதம் சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

விதை பாதையிலும் பாறையிலும் முள்ளிலும் நல்ல மண்ணிலும் விழும் விதைப்பவன் உவமையும் நன்றாக எடுபடும். முதல் ஆண்டில் ஜூலை நடுவில், ஆடிப்பட்டத்தை ஒட்டி வருகிறது. கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் மானாவாரியில் போடுகிறவர்களுக்குப் பாறை நிலம் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

சபைக்குள் சாதி உண்டா?

உண்டு. பெண் கொடுக்கல் வாங்கலில் தெரியும், சில ஊர்களில் திருவிழா உரிமையில் தெரியும். "கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை" என்ற கலாத்தியர் வசனத்தைச் சுவரில் எழுதியிருந்தாலும் கல்யாணத் தரகரிடம் முதல் கேள்வி அதுதான்.

2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. அதற்கப்புறம் இந்த மாவட்டத்தில் நல்ல சமாரியன் உவமையைச் சாதியைத் தொடாமல் பேசுவதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை பலருக்கு இருக்கிறது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் ஒருவன் காப்பாற்றும் கதை அது. சமாரியன் என்றால் "ஏழைக்கு உதவி செய்கிறவன்" என்று சுருக்கிவிடுவார்கள். கதை கேட்ட யூதருக்கு அவன் தொடக்கூடாதவன். அடிபட்டுக் கிடந்தவன் அவன் கையால் எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் குத்தல். ஒரு சபையை எடைபோட விரும்பினால் இந்த உவமை உள்ள லூக்கா 10 வரும் ஞாயிறு போய் உட்காருங்கள். சாதி என்ற சொல் வாயில் வருகிறதா என்று பாருங்கள். அதற்கடுத்த வாரம் அங்கே யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்றும் பாருங்கள்.

பிரசங்கத்தில் தூக்கம் வருகிறது. தப்பா?

அப்போஸ்தலர் 20ல், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போக, ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிவந்து அவனைத் தூக்கினார், திட்டவில்லை. அப்புறம் மேலே போய் விடியும்வரை பேசினார் என்பது வேறு விஷயம். போப் பிரான்சிஸ் 2024 ஜூன் 12 அன்று மறையுரை எட்டு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள், அது நியாயமும்தான் என்றார். எங்கள் பக்கம் அது இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. பெந்தெகொஸ்தே சபையில் ஒரு மணி நேரம் சாதாரணம். ஆனால் நடுவில் பாட்டும் "அல்லேலூயா"வும் இருப்பதால் தூங்குவது கஷ்டம்.

"ஆசீர்வாதம்", "தசமபாகம்" என்றே பேசுகிறார்கள். கொடுத்தால் பெருகும் என்பது உண்மையா?

மல்கியா 3:10 இந்தப் பிரசங்கத்தின் தூண். தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறக்கிறேனா இல்லையா என்று சோதித்துப் பாருங்கள் என்ற வசனம். அதைச் சொல்லும் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. பல சின்னச் சபைகளில் பாஸ்டருக்குச் சம்பளம் கிடையாது, காணிக்கைதான் அடுப்பெரிக்கிறது. விவசாயக் கூலி வாங்கும் அம்மா நூற்றில் பத்தைத் தனியாக முடிந்து வைப்பது அவருக்கு ஒரு கௌரவம், தானும் கொடுக்கிற இடத்தில் இருக்கிறேன் என்ற நிமிர்வு. அதை வெளியிலிருந்து கேலி செய்வது எளிது.

ஆனால் ஏழை விதவையின் காசு என்ற பகுதியை வைத்துப் பணம் கேட்கும் போதகர் மாற்கு 12ல் அதற்குச் சற்று முன்னால் வரும் 40ஆம் வசனத்தையும் வாசிக்க வேண்டும். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு, பார்வைக்கு நீண்ட ஜெபம் செய்கிறவர்களுக்கு அதிக தண்டனை என்று இயேசு அங்கே சொல்கிறார். சொல்லி முடித்த கையோடு எருசலேம் கோயில் உண்டியல் எதிரே உட்கார்ந்து பார்த்தால் ஒரு விதவை தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் போடுகிறாள். அவளைப் பாராட்டினாரா, அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கோயிலை நொந்தாரா? இரண்டும் சேர்ந்திருக்கலாம். கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்லும் சபையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கணக்கை வருஷத்துக்கு ஒருமுறை சபை முன்னால் வாசிக்கும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனால் மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மனநோய் மாத்திரைகளை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். யாக்கோபு 5:14 எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. அதே வேதாகமத்தில் லூக்கா வைத்தியர், பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். ஜெபமும் செய்யுங்கள், மாத்திரையும் போடுங்கள்.

எந்த வேதாகமம் வாங்குவது? எங்கிருந்து படிப்பது?

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாரும் கையில் வைத்திருப்பது 1871ல் வந்த பழைய மொழிபெயர்ப்பு. பழைய நடை, வாய்விட்டு வாசித்தால் தாளம் இருக்கும், மனப்பாடம் எளிது. கத்தோலிக்கர் பயன்படுத்துவது 1995ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. இன்றைய தமிழ், முதல்முறை படிப்பவருக்கு இதுதான் வசதி. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள், மற்றவர்களுடையதில் 66. ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் மூச்சுத் திணறி மூடிவைத்தவர்கள் ஏராளம். மாற்குவில் தொடங்குங்கள், பதினாறே அதிகாரம், ஒரு மழை நாளில் முடித்துவிடலாம்.

ஞாயிறு தவிர சபையில் என்ன நடக்கிறது?

என்னைக் கேட்டால் பிரசங்கத்தின் உண்மை அங்கேதான் தெரியும். கத்தோலிக்கப் பங்குகளில் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் அமைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு வீட்டில் கூடி, ஒரு பகுதியை வாசித்து, ஆளுக்கு நாலு வார்த்தை பேசி, டீயும் சுண்டலும் சாப்பிட்டுக் கலைவது. அங்கே படித்தவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது செத்த அன்பியம். மற்ற சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம், பெண்கள் ஐக்கியம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்.

அறுப்பின் பண்டிகையைத் தவறவிடாதீர்கள். அவரவர் வீட்டிலிருந்து முதல் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்தருகே வைப்பார்கள்: கேழ்வரகு, பூசணிக்காய், வாழைத்தார், புளி, கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஐம்பது ரூபாய் பெறாத பூசணிக்காய் ஐந்நூறைத் தாண்டும், ஏனென்றால் இரண்டு பங்காளிகளுக்குள் போட்டி. அந்தச் சேவல் பாட்டு நடுவே கூவி, சின்னப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, கடைசியில் பாடகர் குழு தலைவர் வீட்டுக்கே போகும். எடுத்தவர் அதை மறுபடி கோயிலுக்கே கொடுத்து மறு ஏலம் விடுவதும் உண்டு. அன்றைக்கு எடுத்த வசனம் என்னவாக இருந்தாலும், கொண்டுவர எதுவும் இல்லாத குடும்பத்துப் பிள்ளையின் கையில் இன்னொருவர் ஒரு தேங்காயைக் கொடுத்து "நீ போய் வைடா" என்று அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சாவு வீடு. நம்ம பக்கம் சாவுக்கு ஊரே வரும், சாதி மதம் பார்க்காமல். ஆகவே அடக்க ஆராதனையில் பேசுகிறவருக்கு முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் இல்லை. சில போதகர்கள் இதை வாய்ப்பாக நினைத்து நரகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பந்தலில் நிற்பவர்களின் முகம் சுருங்கும், செத்தவரின் பிள்ளைகள் தலைகுனிவார்கள். நல்லவர்கள் யோவான் 11ஐ எடுப்பார்கள். செத்துப்போன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு கண்ணீர் விட்டார், அவனை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தும் அழுதார் என்று சொல்லி ஐந்து நிமிஷத்தில் முடிப்பார்கள். பறையடிக்க வந்தவர்கூட அந்த ஐந்து நிமிஷம் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

பெண்கள் பிரசங்கம் செய்யலாமா?

சபையைப் பொறுத்தது. சி.எஸ்.ஐ.யில் பெண்கள் குருப்பட்டம் பெறலாம். 2013ல் நந்தியால் பேராயராகப் புஷ்பலலிதா பொறுப்பேற்றார், அந்தச் சபையின் முதல் பெண் பேராயர். பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டரம்மா பேசுவது பழக்கமானதுதான். கத்தோலிக்கத் திருப்பலியில் (பூசையில்) மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் (டீக்கனுக்கும்) மட்டும். ஆனால் அன்பியத்தில் பாதிக்கு மேல் பேசுவது பெண்களே. அருட்சகோதரிகள் நடத்தும் தியானங்களைக் கேட்ட பிறகு சில ஞாயிறுகளில் எனக்கு ஏக்கம் வருவதுண்டு.

ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள். எப்போது எடுக்கலாம்?

அவசரப்படாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை வயது வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் மறைக்கல்வி கொடுத்து, வழக்கமாகப் பாஸ்கா இரவில் கொடுக்கும். பெந்தெகொஸ்தேயில் ஆற்றிலோ தொட்டியிலோ முழுக்கு ஞானஸ்நானம்; சில இடங்களில் கேட்ட மறுவாரமே கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வருஷமாவது எல்லாக் காலங்களின் பிரசங்கத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்பேன். இது சுதந்திரமாக எடுக்க வேண்டிய முடிவு, அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தரும் உரிமையும்கூட.

ஒரு நடைமுறை விஷயத்தை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பட்டியல் சாதியினருக்கான 1950ஆம் ஆண்டு ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பிள்ளையின் படிப்பு, வேலை, தேர்தல் தொகுதி வரை இது பாதிக்கும். இதனால் பலர் சான்றிதழில் ஒன்றும் வாழ்க்கையில் ஒன்றுமாக இருக்கிறார்கள். அவர்களைப் பொய்யர் என்று பீடத்திலிருந்து பேசுவது எனக்குப் பிடிக்காது. அந்த நெருக்கடியை உண்டாக்கியது அவர்கள் இல்லை.

கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்ய மதம் மாறித்தான் ஆக வேண்டுமா?

சட்டப்படி இல்லை. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்யலாம். கத்தோலிக்கக் கோயிலில் ஆயரின் சிறப்பு அனுமதி வாங்கி நடத்துவார்கள். பெந்தெகொஸ்தே பாஸ்டர்கள் பலர் ஞானஸ்நானம் இல்லாமல் நடத்தித் தர மாட்டார்கள். மாமனாரைச் சமாளிப்பது தனிப் பாடம், அதற்கு எந்தச் சட்டமும் உதவாது.

ஓசூரில் ஷிப்ட் வேலை. ஞாயிறு காலை வர முடியாது, தமிழும் சரளம் இல்லை. என்ன செய்வது?

கத்தோலிக்கர் என்றால் சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறுக் கணக்கில் சேரும். மொழிக்கு ஓசூரில் பஞ்சமில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்று ஆராதனைகள் நடக்கின்றன. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழில் பிரசங்கம் கேட்பவர்கள் நிறைய. சாமியார் தமிழில் ஆரம்பித்து, கிழவிகளைப் பார்த்ததும் கன்னடத்துக்கு மாறி, மறுபடி தமிழுக்கு வருவதும் அங்கே சகஜம்.

ஒரே ஒரு நாள்தான் வர முடியும் என்றால் கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

கிறிஸ்துமஸ் இரவில் நிற்க இடம் இருக்காது, மறையுரையும் குழந்தைகள் சத்தத்தில் காதில் விழாது. இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளிக்கு வாருங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் கோயில்களில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேசுவார்கள். அதில் பள்ளி ஆசிரியர், நர்ஸ், கல்லூரிப் பிள்ளை என்று சபையாரும் இருப்பார்கள். ஒரே நாளில் அந்தச் சபையின் எல்லாக் குரலையும் கேட்டுவிடலாம். ஏப்ரல் வெயில், தகரக் கூரை; தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்காருங்கள். பல கோயில்களில் முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள், கூடவே ஊறுகாயோ துவையலோ. தூக்கு கொண்டுபோனால் வீட்டுக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.